பச்சை வயரில் தொங்கும் மூடி

மாப்ள,

மேஜை மேல் உன் லென்ஸ் மூடி கிடக்கிறது. பையைத் திறந்ததும் முதலில் வந்தது அதன் வாசனைதான். கறுப்பு ஸ்ப்ரே பெயிண்டும் பழைய அட்டையும் கலந்த வாசனை. ஒரு வருஷம் பைக்குள்ளேயே அடைந்து கிடந்தும் போகவில்லை. பல்பு வந்த அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, சாய்வும் நேருமாகக் கீறல்கள் போட்டு, கறுப்படித்து, சீரியல் செட்டில் மிச்சமான பச்சை வயரைக் கோத்து நீயே செய்தது. கடையில் வாங்கலாமே என்றதற்கு, "அம்புட்டுக் காசு குடுத்து ஓட்டை வாங்கச் சொல்றியா?" என்று கேட்டாய்.

எதிரே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் வானப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. பன்னிரண்டு சதவீதம் என்று காட்டுகிறது. கால் மணி நேரமாக அதே பன்னிரண்டு. என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு தடவை ஸ்டூடியோ வாசல் வரை போய்க் காளவாசல் சிக்னலை வெறித்துவிட்டு வந்தேன். டீ சொன்னேன், வந்த டீயைக் குடிக்கவில்லை. கையைச் சும்மா வைத்திருந்தால் மவுஸை நோண்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பை எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மாசிக் கடைசியில் உனக்கு வருஷத் திதி கொடுத்தார்கள். நான் உசிலம்பட்டிக்கு வந்திருந்தேன். பந்தியில் உட்காராமல் நழுவப் பார்த்தவனை உன் மனைவி பிடித்துக்கொண்டாள். தங்கச்சிக்கு உன்னைப் போலவே சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"அண்ணே, இது உங்க சாமானாத்தேன் இருக்கும். கேமராப் பை. வருஷம் பூரா பரண்ல கெடக்கு, எடுத்துட்டுப் போங்க."

"உள்ள என்னம்மா?"

"எனக்கு என்ன தெரியும்? அந்த அட்டை, ஒரு ஹார்டுடிஸ்க்கு. கடைசியா ரெண்டு நாளு சோத்தைக்கூட மறந்துட்டு கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தாரு. என்னத்தப் பாக்குறீகன்னு கேட்டா, நல்ல அரிசியையும் கல்லையும் பிரிக்கிறேன்னு சொன்னாரு."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பதினேழு சதவீதம்.

நாம் பழகியதே ஒரு கல்யாணத்தில்தான். நான் போட்டோ, நீ லைட் செட். மண்டப வாசலில் உன் சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே அம்மி மிதித்தாகிவிட்டது. அருந்ததி பார்க்கும் போஸுக்காகப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே கூட்டிவந்து, காலை பத்து மணி வெயிலில் அண்ணாந்து விரலை நீட்டச் சொன்னேன். நீ ஏணி மேல் இருந்தாய். அங்கிருந்தே குரல் கொடுத்தாய்.

"அண்ணே, அருந்ததி அங்கிட்டு இல்ல. இந்த நேரத்துக்கு அது கண்மாய்க்கு அங்கிட்டு எறங்கிருச்சு."

பொண்ணு சிரித்துவிட்டாள். அந்த ஆல்பத்தில் இருப்பது அந்தச் சிரிப்புதான். எனக்கு மட்டும் எரிச்சல். சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் வந்து, உனக்கென்ன தெரியும் என்று சண்டை பிடித்தேன். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "தேய்பிறையில ஒருநா ராத்திரி வாங்க. நெசமாவே காட்டுறேன்" என்றாய். வந்தேன். அடுத்த மாதமே அண்ணே மாப்ளயாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் வெளிச்சம் கட்டிச் சம்பாதித்து, அந்தக் காசில் இருட்டைத் தேடிப் போன ஆள் நீ. நம் இருவர் பிழைப்புக்கும் அது எவ்வளவு தோதாக அமைந்தது! வளர்பிறையில் முகூர்த்தம், உனக்கும் வேலை, எனக்கும் வேலை. தேய்பிறையில் கல்யாணமும் குறைவு, நிலாவும் இல்லை. உன் டாட்டா ஏஸில் ஜெனரேட்டரை இறக்கிவிட்டு, அதே இடத்தில் நம் மோட்டாரையும் கேமராவையும் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டுக்குப் போவோம். பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன மோட்டாருக்கு வடக்கு சரியாகத் தெரிய வேண்டும். துருவ நட்சத்திரமோ நம் ஊரில் வேலிக்கருவைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது, அதுவும் தூசிக்குள். நீ மண்ணில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து அதைத் தேடுகிற காட்சியைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் உனக்கு என்னவோ தொலைந்துவிட்டது என்று கூடவே தேடினார்.

நமக்குப் பிடித்தது கேரினா நெபுலா. நட்சத்திரங்களுக்கு நடுவே, தெற்கே தாழ்வாக எழும்பும் ஒரு சிவந்த வாயு மேகம். டெல்லிக்காரன் என்ன விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் அவன் ஊரிலிருந்து இதை இப்படிப் பார்க்க முடியாது என்பதில் உனக்கு ஒரு திமிர். ஒரு ராத்திரியில் நான்கு மணி நேரம்தான் அது தூசிக்கு மேலே நிற்கும். இரண்டு இரண்டு நிமிடமாக நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அடுக்கினால்தான் அதன் மடிப்புகள் தெரியும். இரண்டு மாசியாகச் சேர்த்தோம். பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்ததும் அடுக்கிவிடலாம், அதுவரை யாரும் அடுக்குகிற பொத்தானைத் தொடக்கூடாது என்பது உன் கட்டளை.

அப்புறம் இந்த மூடி. லென்ஸின் முன்னால் இதை மாட்டினால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஆறு முள் முளைத்துத் தெரியும். நடு முள் சரியாக நடுவில் வந்துவிட்டால் போகஸ் துல்லியம் என்று அர்த்தம். உடனே மூடியைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் அத்தனை படத்திலும் முள்ளோடுதான் நட்சத்திரம் விழும். அப்படி மறக்காமல் இருக்கத்தான் பச்சை வயர். லென்ஸில் இல்லாதபோது அது உன் கழுத்தில் தொங்க வேண்டும். படம் ஓடத் தொடங்குமுன் நான் "மூடி?" என்று கேட்பேன். நீ நெஞ்சில் தட்டி, "கழுத்துல" என்பாய். ஒரு ராத்திரிகூட இந்தக் கேள்வி பதில் இல்லாமல் நாம் தொடங்கியதில்லை.

முப்பத்தொன்று.

போன வருஷத்து அந்த அமாவாசை. அதற்கு முதல் நாள் சிவராத்திரி. மேற்கே ஊர் ஊராகக் குலசாமி கும்பிட ஜனம் திரளும் ராத்திரி. உனக்கு அதுதான் வருஷத்திலேயே பெரிய வேலை. மூன்று கோயிலுக்கு லைட் கட்டி, விடிய விடிய ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று, விடிந்ததும் அத்தனையும் அவிழ்த்து வண்டியில் ஏற்றியிருந்தாய். அன்று மதியமே நான் போன் செய்தேன்.

"மாப்ள, கண்ணு ரெண்டும் எரியுது. நாளைக்கிப் போவோமா?"

"நாளைக்கு மேகம் போட்டா? சீசன் போயிரும்டா. இன்னிக்கு வானம் கழுவி விட்ட மாதிரி கெடக்கு."

"சரி, வாரேன்" என்றாய். அவ்வளவுதான். உன்னை இழுத்தது நான்.

போகஸ் வைத்தாய். மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டாய். மூடி, கழுத்துல. பத்தே முக்காலுக்குப் படம் ஓடத் தொடங்கியது. பேட்டரி தீருமே என்று கேமராவின் திரையை அணைத்துவிட்டோம். பதினொன்றரைக்கெல்லாம் நீ வண்டியின் பின்பலகையில் காலை மடக்கிப் படுத்துத் தூங்கிப்போனாய்.

விடிவதற்கு முன் கேமராவைக் கழற்றப் போனவன் நான். லென்ஸில் மூடி இருந்தது. திரையைப் போட்டுக் கடைசிப் படத்தைப் பார்த்தேன். முள், முள், எல்லாம் முள். நான்கு மணி நேரம் வீண் என்று தலைக்கு ஏறிவிட்டது. முந்தின படங்களைத் தள்ளிப் பார்க்கும் நிதானம்கூட எனக்கு இல்லை. உன்னை உலுக்கி எழுப்பினேன். எழுந்ததும் உன் வலது கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. நீ என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். அந்தப் பார்வையைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

"மூடிய எடுக்காமத் தூங்கிருக்க! நாலு மணி நேரம்டா!"

நீ கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

"லைட்டு கட்டுறவனுக்கு எதுக்குடா வானம்?"

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். கோபத்தில் வந்தது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இவ்வளவு நாள் உள்ளே எங்கோ கிடந்திருந்தால்தானே அது வந்திருக்கும்? நான் ஸ்டூடியோக்காரன், நீ ஏணி தூக்குகிறவன் என்ற நினைப்பு.

"சரி மாப்ள. நாந்தேன் மறந்துட்டேன். விடு" என்றாய்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தாய். நான் கையில்கூட வாங்காமல், மெமரி கார்டையும் உன்னிடமே விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அன்றே, வானத்தைப் படமெடுப்பவர்கள் சேர்ந்திருக்கும் நம் வாட்ஸப் குழுவில், கேமராத் திரையிலிருந்து போனில் பிடித்திருந்த முள் முளைத்த ஒரு படத்தைப் போட்டு, "நம்மாளு மூடியை எடுக்க மறந்துட்டாரு" என்று எழுதினேன். சும்மா இருப்பார்களா? ஒருவர் உனக்கு 'மூடி அண்ணே' என்று பேர் வைத்தார். ஒரு வாரம் அதே பேச்சு. நீயும் அங்கே வந்து, "வயசாயிருச்சுப்பா, மன்னிச்சுக்கங்க" என்று எழுதினாய். நான் அதற்கும் ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டேன். உனக்கு நேராக ஒரு வார்த்தை போன் செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் தங்கச்சி அழைத்தாள். பல் விளக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். குழுவில் ஆளாளுக்கு அஞ்சலி எழுதினார்கள். ஒருவர், நல்ல மனசோடுதான், 'போய்ட்டு வாங்க மூடி அண்ணே' என்று எழுதியிருந்தார். அந்தப் பேரோடு உன்னை அனுப்பி வைத்தவன் நான்.

நாற்பத்தெட்டு. கரண்டு போய்விடக் கூடாது. யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும். இதை எழுதும்போதே இரண்டு தடவை லைட் மினுக்கியது, இரண்டு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வானத்துப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. திதி முடிந்து வந்த இரவு ஹார்டுடிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். பழைய படங்கள் தேதி வாரியாக இருந்தன. கடைசியாக அந்த அமாவாசையின் தேதி. அதற்குள் இரண்டு போல்டர். ஒன்றுக்கு 'மூடி இல்லாம' என்று பேர் வைத்திருந்தாய். இன்னொன்றுக்கு 'மூடியோட'.

முதல் போல்டரில் எழுபது படங்கள். ஒன்றில்கூட முள் இல்லை. ஊசி குத்தியது போல நட்சத்திரங்கள். பத்தே முக்காலிலிருந்து ஒரு மணி பதினோரு நிமிடம் வரை. இரண்டாவதில் அறுபது. ஒரு மணி பதினெட்டு நிமிடத்துக்குத் தொடங்குகிறது. அந்த இடைவெளி ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடம் எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். நீகூட நம்பியிருப்பாய். நான் நம்பவில்லை. பனி இறங்கிக் குளிர்ந்ததும் லென்ஸ் கொஞ்சம் சுருங்கும், போகஸ் விலகும், மறுபடி வைக்க வேண்டும். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் வண்டியில் ஏறி, உன் தலையைக் கொஞ்சம் தூக்கி, பச்சை வயரைக் கழற்றினேன். கண் திறக்காமலே நீ முனகினாய்: "மாப்ள... மூடி... பாத்து." நான் சொன்னேன்: "சரி, நீ தூங்கு." போகஸ் வைத்தேன். பொத்தானை அமுக்கினேன். 'மூடி?' என்று கேட்க யாரும் இல்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து நானும் தூங்கிவிட்டேன். விடிந்தபோது கோபம்தான் முன்னால் வந்தது, இது அதன் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஆக, கழுத்தைத் தொட்ட அந்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகம் இருந்திருந்தாலும் இரண்டு நாள் உட்கார்ந்து நேரம் பார்த்துப் பிரித்தபோது தீர்ந்திருக்கும். குழுவில் அவர்கள் உன்னைக் கிண்டலடித்த நாட்களில் உன் கையில் எல்லாச் சாட்சியும் இருந்தது. ஒரு படத்தைப் போட்டிருந்தால் போதும். ஏன் போடவில்லை? ஏன்டா? என்னைக் காப்பாற்றினாயா, அல்லது நானே வந்து கேட்பேன் என்று காத்திருந்தாயா? எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது. ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். பதிலுக்குத் திட்டு வாங்காதவனிடம் எப்படிக் கணக்கைத் தீர்ப்பது?

பங்குனித் தேய்பிறையில் தனியாகப் போனேன். வாடகைக் காரில். நம் காட்டுக்குக் கிழக்கே பிளாட் போட்டு, கல் நட்டு, உயரமான கம்பத்தில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, தெற்கே இன்னும் இருட்டுதான். துருவத்தைப் பிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நீ கால் மணியில் முடிப்பாய். முதல் ராத்திரி வடக்கு தப்பி எல்லா நட்சத்திரமும் கோடாகிவிட்டது. இரண்டாவது ராத்திரி ஒரு தெருநாய் வந்து வயரை மிதித்தது. மூன்றாவது ராத்திரிதான் கேரினா உருப்படியாகக் கிடைத்தது. மூடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். பைத்தியக்காரன் என்று யாராவது நினைத்திருப்பார்கள், நல்லகாலம் யாரும் இல்லை. பன்னிரண்டு மணி நேரக் கணக்கு முடிந்தது.

இன்று காலை அடுக்க உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. 'மூடியோட' போல்டரை விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. கெட்ட படத்தை யாரும் அடுக்கில் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் பெரிய நட்சத்திரங்களில் எல்லாம் மெல்லியதாக முள் எட்டிப் பார்க்கும். விவரம் தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த அறுபதையும் சேர்த்தேன். பிசிறடிக்கும் படத்தைத் தள்ளிவிடுகிற வசதியையும் அணைத்துவிட்டேன். பிறகுதான் பொத்தானை அமுக்கினேன்.

தொண்ணூற்று மூன்று.

...

முடிந்துவிட்டது, மாப்ள. சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். சிவப்பு மேகம் நீ சொன்ன மடிப்புகளோடு விரிந்து கிடக்கிறது. நடுவே ஒரு கறுத்த பள்ளம்கூடத் தெரிகிறது. பெரிய நட்சத்திரங்களில் ஆறு ஆறாக மெல்லிய முள்.

முதலில் குழுவில் போட்டேன். உன் பேரை முன்னால் போட்டு, என் பேரைப் பின்னால் போட்டேன். ஐந்து நிமிடத்தில், உனக்குப் பேர் வைத்த அதே ஆள் கேட்டார்: "அருமை! ஆனா முள்ளு தெரியுதே, மூடி அண்ணன் மறந்த அன்னிக்கு எடுத்ததும் இதுல இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த அறுபதையும் சேர்த்தேன். எழுதினேன்: "இருக்கு. அன்னிக்கு மறந்தது அவன் இல்ல. தூங்குனவன் கழுத்துல இருந்து எடுத்து மாட்டுனது நான். கழட்ட மறந்ததும் நான். அவனுக்கு அது தெரியும். பழியை அவன் மேல போட்டது நான். அந்தப் பேரை இனி என்னைத் தவிர வேற யாருக்கும் சொல்லாதீங்க." நேரம் பார்க்கச் சொல்லி இரண்டு போல்டரிலிருந்தும் ஒவ்வொரு படத்தையும் கீழே போட்டேன். கேள்வி கேட்ட அவரே, "அவர் வீட்டு நம்பர் குடுங்க, நான் பேசணும்" என்று எழுதினார்.

தங்கச்சிக்கும் படத்தை அனுப்பியிருந்தேன். அவளே அழைத்தாள். நடந்ததை அவளிடமும் சொன்னேன். லைட்டு கட்டுறவனுக்கு எதுக்கு வானம் என்று நான் கேட்டதையும் விடாமல் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டாள்:

"அண்ணே, போன்ல பெருசு பண்ணிப் பாத்தேன். நட்சத்திரத்துல எல்லாம் கம்பி கம்பியா மின்னுதே, அது என்ன?"

"அவன் வெட்டுன அட்டைம்மா. அதுனாலதான்."

"அப்ப வானத்துக்கும் சீரியல் செட்டு மாட்டி விட்டுட்டுத்தேன் போயிருக்காரு."

அவள் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். உன் கடையில், ஏணி சாத்தியிருக்கும் சுவரில் மாட்ட வேண்டுமாம். பெரியதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

அமாவாசை போய் இரண்டு நாள்தான் ஆகிறது. இன்னும் இருட்டு பாக்கி இருக்கிறது. காருக்குச் சொல்லிவிட்டேன், மேஜையிலிருந்து மூடியையும் எடுத்து மாட்டிக்கொண்டேன். மறுபடி டீ சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஷட்டரை இறக்குமுன் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

கழுத்துல, மாப்ள.